ஊர் சுற்றிய ஐஸ்பெட்டி

பேட்டரியை முதலில் கேட்டவன் நான்தான். ஊரில் யாரை விசாரித்தாலும் இதைத்தான் முதலில் சொல்வார்கள். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

அதுவும் எப்பேர்ப்பட்ட நான்! தீவுப் பஞ்சாயத்தின் குமாஸ்தா. தலைநகர் தராவாவிலிருந்து கப்பலில் ஐஸ்பெட்டி வந்து இறங்கிய அன்று மனேயாபாவில், அதாவது எங்கள் ஊர்க்கூடத்தில், கிழவர்கள் அவரவர் குலத்துக்கு உரிய இடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். நன்கொடை கொடுத்த வெளிநாட்டு அரசாங்கத்தின் நிபந்தனைகளை மூக்குக்கண்ணாடி மாட்டிக்கொண்டு உரக்க வாசித்தேன். வெயிலில் ஓடும் ஐஸ்பெட்டி. ஆறு மாதம் ஒரே குடும்பம்தான் வைத்திருக்க வேண்டும். பெட்டியையோ, பேட்டரியையோ, வெயிலை வாங்கக் கூரைமேல் வைக்கும் தகட்டையோ இடம் மாற்றக் கூடாது. ஒழுங்காக நடந்தால் அந்தக் குடும்பத்துக்கே சொந்தம், மீறினால் திரும்பப் பெறப்படும். 'திரும்பப் பெறப்படும்' என்ற இடத்தில் குரலை உயர்த்தினேன். கூடவே ஆள்காட்டி விரலையும். ஜெர்மன்காரன் கப்பலில் பதினோரு வருஷம் தளம் கழுவியவனுக்கு அதிகாரக் குரலில் பேச எத்தனை சந்தர்ப்பம் கிடைக்கும்?

மூன்றாவது வாரம் அதே விரலால் பேட்டரியைக் காட்டி, "மைனி, ரெண்டு நாளைக்கு இது எனக்கு வேணும்" என்று பெட்டி கிடைத்த வீட்டுக்காரி அரோய்டாவிடம் கேட்டேன்.

சுதந்திர தினப் பாட்டுப்போட்டி வந்துகொண்டிருந்தது. எங்கள் குழுவுக்குக் கீபோர்டு வாசிப்பவன் நான். பேட்டரி இல்லாமல் அது வெறும் பலகை. பேட்டரி போட்டு நான் வாசித்தபோதும் பலகைதான் என்பது என் மனைவியின் அபிப்பிராயம். ஐந்து குழுக்களில் ஐந்தாவதாக வந்தோம்.

எங்களில் புபுசி என்று ஒரு வழக்கம் உண்டு. சொந்தக்காரன் வாய்விட்டு ஒன்றைக் கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது. கேட்கிறவனுக்கு அரைநாள் வெட்கம். மறுக்கிறவனுக்கு ஏழு தலைமுறைக்கு வெட்கம். அரோய்டாவின் புருஷன் பைகாவா என் பெரியப்பா மகன். அவள் பேட்டரியைக் கழற்றித் தாழம்பாயில் சுற்றி என் தோளில் ஏற்றிவிட்டாள்.

ரெண்டு நாளில் திருப்பிக் கொடுத்திருப்பேன். அதற்குள் என் மச்சினன் ருபேதே வந்து, இரவில் கோலா மீன் பிடிக்கத் தன் வள்ளத்துக்கு விளக்கு வேண்டும் என்று என்னிடம் பேட்டரியைக் கேட்டான். மனைவியின் தம்பி. மறுத்தால் சோற்றுக்கு எங்கே போவது? இதற்கிடையில், பேட்டரி இல்லாமல் தகடு மட்டும் சும்மா வெயில் காய்கிறதே என்று உபதேசியார் வீட்டம்மா தகட்டைக் கேட்டாள். தகடும் பேட்டரியும் போன பிறகு பெட்டி வெறும் பெட்டிதானே என்று, பேரனின் முதல் பிறந்தநாளுக்குப் பன்றி இறைச்சி வைக்க வடக்குத்தெரு கிழவர் பெட்டியைக் கேட்டார். இறைச்சி கெடாமல் இருக்க அவர் போய் ருபேதேயிடம் பேட்டரியையும் உபதேசியார் வீட்டில் தகட்டையும் கேட்டார். யாராலும் மறுக்க முடியவில்லை. பிரிந்த மூன்றும் அங்கே ஒன்றுசேர்ந்தன. அதற்குப் பிறகு எந்த வீட்டில் விசேஷமோ அந்த வீட்டுக்கு மூன்றும் சேர்ந்தே போயின; விசேஷம் முடிந்ததும் கேட்டவர் கேட்டதைத் தூக்கிக்கொண்டு போக, மறுபடி பிரிந்தன. கிட்டத்தட்ட ஐந்து மாதத்தில் அரோய்டா வீட்டில் பெட்டி இருந்தது மூன்று வாரம்.

இதில் சிரிப்பதற்கு நிறைய இருந்தது. நானும் சிரித்துக்கொண்டுதான் திரிந்தேன். ஆனால் பெட்டி அந்த வீட்டுக்கு ஏன் வந்தது என்று எனக்குத் தெரியும். போன வருஷம் பாளை சீவ ஏறிய பைகாவா தென்னையிலிருந்து விழுந்தார். விடியலில் மரத்து உச்சியிலிருந்து அவர் பாடுவது காயலின் மறுகரை வரை கேட்கும். அன்று பாட்டு பாதியில் நின்றது. உடைந்த இடுப்பு சேர்ந்துவிட்டது, சரியாகச் சேரவில்லை. வாரத்தில் இரண்டு நாள்தான் கடலுக்குப் போக முடியும். ஐஸ் இருந்தால் இரண்டு நாள் மீன் ஏழு நாளுக்கு வரும். இல்லாவிட்டால் மத்தியானத்துக்குள் அக்கம்பக்கம் கொடுத்தது போக மீதிக்கு உப்பு. இதைச் சொல்லித்தான் கிழவர்கள் ஒரே வாயாக அந்த வீட்டுக்கே பெட்டி என்று முடிவு செய்தார்கள்.

திங்கட்கிழமை காலை பஞ்சாயத்து ரேடியோவில் செய்தி வந்தது. ஆய்வுக்கு அதிகாரி வருகிறார். வியாழக்கிழமை விமானத்தில். சொன்ன நாளுக்கு மூன்று வாரம் முன்னதாக.

அரோய்டா காயல் ஓரத்தில் முழங்கால் தண்ணீரில் நின்று சூரை மீனின் குடலை உருவிக்கொண்டிருந்தாள். மேல்காற்று ஆரம்பித்திருந்தது, தண்ணீர் சாம்பல் நிறத்தில் நொறுங்கிக்கொண்டிருந்தது. கரையில் பைகாவா கால் நீட்டி உட்கார்ந்து தூண்டில் கயிற்றின் சிக்கை எடுத்துக்கொண்டிருந்தார்.

"மைனி, வியாழக்கிழம வெள்ளக்கார ஆப்பீசர் வாறாரு."

"வரட்டும். சோறு பொங்கிருவோம்."

"சோத்துக்கு வரல. பெட்டியப் பாக்க வாறாரு."

கத்தி நின்றது. பிறகு மறுபடி ஓடியது. "பெட்டி இப்ப எங்க இருக்கு?"

"தெக்குக் கடைசி வீட்டுல. பேட்டரி ருபேதேகிட்ட. தகடு உபதேசியார் வீட்டுக் கூரையில."

பைகாவா கயிற்றிலிருந்து தலை எடுக்காமல், "அப்ப ஒண்ணும் தொலையல. எல்லாம் ஊருக்குள்ளதான் இருக்கு" என்றார்.

"அண்ணே, இது சிரிக்கிற காரியம் இல்ல. மீறினா பெட்டி திங்கக்கிழமக் கப்பல்ல ஏறிரும். நான்தான வாசிச்சேன்!"

"ஆமல, நல்லா வாசிச்ச. எனக்குக்கூடப் பயமா இருந்துச்சு. பொறவு நீயே வந்து பேட்டரியத் தூக்கிட்டுப் போனப்பதான் பயம் தெளிஞ்சுது."

நான் அரோய்டா பக்கம் திரும்பினேன். "மைனி, நீங்களும் அன்னைக்குக் கேட்டுக்கிட்டுத்தான இருந்திய? விதி தெரியும்லா. எனக்கு ஏன் குடுத்திய? 'கொழுந்தனாரே, போட்டி முடிஞ்ச பொறவு பாப்போம்'னு ஒரு சாக்கு சொல்லியிருக்கலாம்லா?"

அவள் மீனைப் புரட்டினாள். "காலுக்குப் பக்கத்துல கடல்முள்ளு கெடக்கு. மிதிச்சிராதயும்" என்றாள்.

பெட்டியைத் திரும்பக் கேட்க அவள் வரமாட்டேன் என்றாள். "குடுத்தத எப்பிடிக் கேக்க? என் வாய் வராது." பைகாவாவால் வீடுவீடாக நடக்க முடியாது. மிச்சம் இருந்தது முதல் குற்றவாளி.

ருபேதே தன் வள்ளத்தில் மல்லாந்து கிடந்தான்.

"மச்சினா, அந்தப் பேட்டரிய நான் உங்கிட்ட கேக்கேன்."

"நீரு எனக்குக் குடுத்தத நீரே கேக்கியளா? வெக்கமா இல்ல அத்தான்?"

"இருக்கு. அரைநாள் வெக்கம். சாயங்காலத்துக்குள்ள சரியாயிரும்."

"கோலா மீனு இப்பதான் கரைக்கு வருது. வெளக்கு இல்லாம நான் என்னத்தக் காட்டிப் பிடிக்க? உம்ம கீபோர்டு வாசிச்சா மீனு வருமா?"

"வராது. உள்ளதும் ஓடிரும். அரோய்டா மைனிக்குத்தான்ல கேக்கேன். பெட்டியத் திருப்பிக் கொண்டுபோகப் போறானுவ."

அவன் எழுந்து உட்கார்ந்தான். "இத மொதல்லயே சொல்ல வேண்டியதான? வாசிக்கும்போது மட்டும் விரல நீட்டத் தெரியுது." பேட்டரியை எடுத்துக் கொடுத்தான். அதன் நெற்றியில், மற்றவன் எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாது என்று, தன் வள்ளத்தின் பெயரைச் சிவப்புச் சாயத்தில் கொட்டை கொட்டையாக எழுதி வைத்திருந்தான். சுரண்டிப் பார்த்தேன். கப்பல் சாயம். என் நகம்தான் போனது.

உபதேசியார் வீட்டம்மா தகட்டைக் கொடுத்ததோடு ஒரு ஜெபமும் செய்தாள். ஜெபத்தில், முதலில் கேட்டவனை மன்னிக்கும்படி ஆண்டவரிடம் பெயர் சொல்லி விண்ணப்பித்தாள். புதன்கிழமை நானும் ருபேதேயும் தெற்குக் கடைசி வீட்டிலிருந்து பெட்டியை வள்ளத்தில் ஏற்றினோம். பாதிக் காயலில் மழை பிடித்தது. எதிரே இருப்பவன் முகம் தெரியாத மழை. நான் ஐஸ்பெட்டியைக் கட்டிப்பிடித்துக் கொண்டு உட்கார்ந்திருந்தேன். ருபேதே துடுப்புப் போட்டபடியே, "அக்காவக் கட்டிக்கிட்டப்பகூட இப்பிடிப் பிடிச்சிருக்க மாட்டீரு" என்று கத்தினான். உள்ளே என்னமோ உருண்டுகொண்டே வந்தது. கரையேறித் திறந்து பார்த்தால் அரை டஜன் கணவாயும், யாருடைய நண்டோ ஒன்றும். நண்டு உயிரோடு இருந்தது.

ஈரம் சொட்டச் சொட்டப் பெட்டியை அரோய்டா வீட்டு மேடையில் ஏற்றினோம். தலை துவட்டத் துணி கொடுத்தாள். பாளைப்பாகு கலந்த வெந்நீர் கொடுத்தாள்.

"மைனி, திங்கக்கிழம கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லல. எதுக்குக் குடுத்திய?"

"மழ விட்டிரிச்சி. உம்ம பொண்டாட்டி தேடுவா, போம்" என்றாள்.

வியாழக்கிழமை வந்து இறங்கியவர் பெயர் ஹென்ரிக். நெட்டையான மனிதர், மூக்கு ஏற்கெனவே வெயிலில் வெந்திருந்தது. ஊரே அரோய்டா வீட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. பெட்டியை வைத்திருந்த பதினொரு வீட்டுக்காரர்களும் முன்வரிசையில், எதுவும் தெரியாதவர்களைப் போல முகத்தை வைத்துக்கொண்டு. அப்படி ஒரு முகத்தை நாற்பது பேர் ஒரே சமயத்தில் வைத்துக்கொண்டால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சுட்ட சூரை, தேங்காய்ப்பாலில் வேக வைத்த குழிச்சேம்பு, சீமைப்பலா வறுவல், சோறு, நேற்றைய கணவாய். ஹென்ரிக் நன்றாகச் சாப்பிட்டார். பெட்டியைச் சுற்றி வந்தார். அது சமர்த்தாக உறுமிக்கொண்டிருந்தது. பேட்டரியைக் குனிந்து பார்த்தார்.

இது என்ன எழுத்து என்று கேட்டார்.

நான்தான் மொழிபெயர்ப்பாளன். "பேட்டரிக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் வழக்கம்" என்றேன் ஆங்கிலத்தில்.

எல்லாவற்றுக்கும் பெயர் வைப்பீர்களா?

"பிரியமானவற்றுக்கு மட்டும்."

அவர் தலையாட்டினார். இத்தனை மாதமாகப் பெட்டி இங்கேயே இருந்ததா என்று கேட்டார். "இங்கேயேதான்" என்றேன். பின்னால் ருபேதேக்கு இருமல் வந்தது. ஹென்ரிக் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து, பொறுமையாக விரித்து, பாயில் வைத்து நீவினார். எங்கள் தீவின் படம். ரிப்பன் போல வளைந்து கிடக்கிற நிலமெங்கும் சிவப்புப் புள்ளிகள்.

பெட்டிக்கு அடியில் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி இருக்கிறதாம். தினம் ஒருமுறை தான் இருக்கும் இடத்தையும், கதவு எத்தனை தடவை திறந்தது என்பதையும் வானத்துக்குச் சொல்லிவிடுமாம். முதலில் திருடன்தான் தூக்கிக்கொண்டு ஓடுகிறான் என்று அலுவலகத்தில் நினைத்தார்களாம். ஆனால் எந்தத் திருடனும் வாரத்துக்கொருமுறை நின்று மீன் வைக்க மாட்டானே என்று குழம்பிப் போய், இவரை முன்னதாகவே அனுப்பியிருக்கிறார்கள். நேற்று மத்தியானம் பெட்டி காயலின் நடுவில் இருந்திருக்கிறது என்று ஒரு புள்ளியைத் தொட்டுக் காட்டினார். தண்ணீருக்குள்.

எனக்கு முகமெல்லாம் வேர்த்தது. இந்த மனிதர் இதையெல்லாம் பையில் வைத்துக்கொண்டுதான் என் பேட்டரிப் பெயர்சூட்டு விழாவைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"என்ன சொல்லுதாரு?" என்றாள் அரோய்டா.

"பெட்டி நல்லா இருக்குன்னு சொல்லுதாரு, மைனி."

"அதுக்கா உமக்கு இப்பிடி வேக்குது?"

ஹென்ரிக் மெதுவாக, வருத்தமாகவே சொன்னார். விதிப்படி பெட்டியைத் திங்கட்கிழமைக் கப்பலில் ஏற்ற வேண்டும். வேறு வழி தனக்குத் தெரியவில்லை. இந்த முறை நான் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

பைகாவா தன் இடுப்பைத் தடவிக்கொண்டிருந்தார். அந்தக் கை அங்கே இருப்பது அவருக்கே தெரிந்திருக்காது. அப்போது உபதேசியார் வீட்டம்மா எழுந்தாள். "தகட்டக் கேட்டது நான். இவ மேல குத்தமில்ல. இத அவருகிட்ட சொல்லும்." சொன்னேன். வடக்குத்தெரு கிழவர் எழுந்து, "பெட்டியத் தூக்குனது நானு" என்றார். பிறகு ஒவ்வொருவராக. நான் மொழிபெயர்த்துக்கொண்டே இருந்தேன். ருபேதே எழுந்து, "வெளக்குக்கு வாங்குனவன் நான். மொதல்ல வாங்குனவன் இன்னும் எந்திரிக்கல, அதையும் சொல்லும்" என்றான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முதலில் கேட்டவன் கடைசியில் எழுந்தேன். என் குற்றத்தை நானே ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டேன். பாட்டுப்போட்டியில் ஐந்தாவதாக வந்தோம் என்பதையும் சேர்த்தே.

ஹென்ரிக் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அரோய்டா சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு அவர் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"கொழுந்தனாரே, நான் சொல்லுதத அப்பிடியே சொல்லும். நான் இந்த ஊருல யாருகிட்டயும் ஒண்ணு கேட்டவ இல்ல. இப்ப இவருகிட்ட கேக்கேன். புபுசின்னே சொல்லும். பெட்டி எனக்கு வேணும். ஆனா மறுபடி எவனாவது கேட்டா நான் இல்லன்னு சொல்லமாட்டேன். பொய் சொல்லி வாங்குனா வெளங்காது."

சொன்னேன். அப்படியானால் பெட்டி மறுபடியும் நடந்துவிடுமே என்றார் அவர். தூக்கிக்கொண்டு திரிந்தால் பெட்டி குளிர்வதற்கே இரண்டு நாள் ஆகிறது. பாதி மீன் கெட்டுப்போகும். அதுதான் விதிக்குக் காரணம் என்றார்.

"அப்ப பெட்டி நடக்க வேண்டாம். மீனு நடக்கட்டும்" என்றாள் அரோய்டா. "பெட்டியத் தரையோட முடுக்கிருங்க. முடுக்கினத ஒருத்தரும் கேக்கமாட்டாவ. வீட்டுத் தூணக் கேக்கவா செய்தாவ? எடம்தான் கேப்பாவ. அவுகவுக மீன இங்க கொண்டாரட்டும். எடத்த நான் குடுப்பேன்."

ஹென்ரிக் வெந்த மூக்கைச் சொறிந்தார். வேறு இரண்டு தீவுகளில் இதே பெட்டி விதிப்படி இருக்கிறது என்றார். இடம் மாறவில்லை. ஒன்றில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட இன்னும் உரிக்கவில்லை; உள்ளே ஒரு போத்தல் தண்ணீர் மட்டும் குளிர்ந்துகொண்டிருக்கிறது. இங்கே ஒரே நாளில் நாற்பத்தொரு தடவை கதவு திறந்திருக்கிறது. இதை அலுவலகத்தில் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே சோற்றுப் பானையைப் பார்த்தார். அரோய்டா இன்னொரு துண்டு மீனை அவர் இலையில் வைத்தாள்.

விதியை மாற்றத் தனக்கு அதிகாரம் இல்லை என்றார். ஆனால் சோதனைக் காலம் ஒழுங்காகத் தொடங்கவே இல்லை, இன்றிலிருந்து மறுபடி ஆறு மாதம் என்று எழுதத் தனக்கு அதிகாரம் உண்டு. எத்தனை வீட்டு மீன் வைத்தாலும் சரி, பெட்டி அசையக் கூடாது. மாதம் ஒருமுறை யார் யார் என்ன வைத்தார்கள் என்று நாலு பக்க அறிக்கை வர வேண்டும். அதைக் குமாஸ்தா எழுத வேண்டும். ஊர் கைதட்டியது. எனக்குத் தண்டனை என்பதால் இன்னும் கொஞ்சம் பலமாகத் தட்டியது.

"முடுக்குறதுக்கு போல்ட்டு வேணுமே" என்றார் பைகாவா.

அரோய்டா திரும்பினாள். ஒருதரம் கேட்டுவிட்டதில் வாய் திறந்துகொண்டது போலிருக்கிறது. "ருபேதே, உன் வள்ளத்து எஞ்சின் பலகையில நாலு போல்ட்டு இருக்குல்லா?"

"அக்கா! அது இல்லாட்டி எஞ்சின் கடலுக்குள்ள போயிரும்!"

"எனக்கு வேணும்."

ருபேதே வானத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு ஸ்பேனர் எடுக்கப் போனான். ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. என்னவென்று ஹென்ரிக் கேட்டார். மொழிபெயர்க்க முடியவில்லை, நானும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை அவர் விமானம் ஏறினார். திங்கட்கிழமைக் கப்பல் பெட்டியில்லாமல் போனது. அன்று மத்தியானம் முதல் அறிக்கைக்குக் கணக்கெடுக்க நோட்டுப்புத்தகத்தோடு அரோய்டா வீட்டுக்குப் போனேன். பைகாவா கடலுக்குப் போயிருந்தார். மேல்காற்று தணிந்து காயல் பச்சையாகக் கிடந்தது. வாசலில் நாலைந்து பெண்கள் மீன் கூடையோடு நின்று, யாருடைய சூரை மேல்தட்டு, யாருடையது கீழ்த்தட்டு என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அரோய்டா எல்லோரையும் அதட்டி, எல்லோருக்கும் இடம் கொடுத்து, அனுப்பிவிட்டு, மேடையில் வந்து உட்கார்ந்து மீன் செதில் ஒட்டிய கையால் நெற்றியைத் துடைத்தாள்.

"இன்னைக்கு எத்தன வீடுன்னு எழுத, மைனி?"

"ஒம்பது. உம்ம பொண்டாட்டியச் சேத்தா பத்து."

எழுதினேன். பென்சிலைக் காதில் செருகினேன். போகாமல் நின்றேன்.

"இப்ப என்ன?" என்றாள்.

"அதே கேள்விதான். விதிய வாசிச்சவனே நான். பெட்டி போனா அண்ணன் பாடு கஷ்டம்னு உங்களுக்குத் தெரியும். பொறவும் ஏன் எனக்குக் குடுத்திய? முள்ளு கெடக்கு, மழ விட்டிரிச்சின்னு சொல்லாதிய."

கையில் ஒட்டியிருந்த செதிலை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்தாள்.

"இவுக விழுந்த பொறவு ஒருத்தரும் எங்கிட்ட ஒண்ணும் கேக்கல, கொழுந்தனாரே. கொண்டாந்து குடுத்தாவ. மீனு, அரிசி, ஜெபம், எல்லாம் குடுத்தாவ. நல்ல மனுசங்கதான், நான் குத்தஞ் சொல்லல. ஆனா கேக்கல. என் தேங்காத் துருவியக் கேட்டு வாங்கிட்டுப் போயி ரெண்டு வருசமாத் தராத உபதேசியார் வீட்டம்மா, அந்த வாரமே கொண்டாந்து வாசல்ல வச்சிட்டுப் போயிட்டா. அன்னைக்கு ராத்திரி நான் அழுதேன். இவுக விழுந்த அன்னைக்குக்கூட அப்பிடி அழல. ஒரு வருசம் கழிச்சி மொதல்ல வந்து நின்னது நீருதான். வெக்கமில்லாம விரல நீட்டிக்கிட்டு, 'மைனி, இது எனக்கு வேணும்'னீரு. இந்த வீட்டுலயும் கேட்டு வாங்குறதுக்கு ஒண்ணு இருக்குன்னு ஒரு மனுசனுக்காவது தோணிச்சே. அதான் குடுத்தேன். நீரு பெட்டியவே கேட்டிருந்தாலும் அன்னைக்குக் குடுத்திருப்பேன்."